நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஒரு ஜீப்

போன மாதம் ஓர் இளம் டீச்சர் போனில் கூப்பிட்டாள். மலையாள எல்லைக்குள் மலைமேல் நான் கடைசியாக வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியில் இப்போது ஒன்றாம் வகுப்பு அவள் கையில்தான் இருக்கிறது. "ஒண்ணாப்புல சேர்க்குற வயச ஆறாக்கப் போறாங்களாம் டீச்சர். அஞ்சு வயசுப் பிள்ளைய இன்னொரு வருசம் அங்கன்வாடியிலயே விடுங்கன்னு சொன்னா இங்க உள்ள பொம்பளைங்க என்ன செய்வாங்க? அங்கன்வாடி விட்ட பெறகு யாரு பாத்துக்குவாங்க?" என்று படபடத்தாள். என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். ரிட்டயர் ஆன பிறகு எல்லோருக்கும் நம்மிடம் பதில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. வேலையில் இருந்தபோது இந்த மரியாதை இல்லை.

அவளிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்குக் கல்வித்துறை என்பது ஒரே வீடு. உள்ளே இருந்து பார்த்தால் அது எஸ்டேட் லயம் மாதிரி, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. அங்கன்வாடி எங்கள் துறையே இல்லை. அதற்கு வேறு துறை, வேறு ஆபீஸ். பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தாலும் அதன் டீச்சருக்கு எங்கள் சம்பளமும் கிடையாது, எங்கள் லீவும் கிடையாது. ஒன்று முதல் நாலு வரை எல்.பி., அஞ்சு முதல் ஏழு வரை யு.பி. இவை இரண்டுக்கும் மேலே ஏ.இ.ஓ. என்ற உபஜில்லா அதிகாரி. எட்டு முதல் பத்து வரை ஹைஸ்கூல், அதற்கு வேறு அதிகாரி. பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அடுத்த வீடு. அங்கே போனதும் தமிழ் வழி நின்றுபோய் இங்கிலீஷ் புத்தகமும் மலையாள விளக்கமும் வந்துவிடும். அதையும் தாண்டினால்தான் காலேஜும் யூனிவர்சிட்டியும்.

நாற்பது வருடத்துக்குப் பக்கமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வகுப்புக்குள் உட்கார்ந்திருக்கும்போது காணாமல் போன பிள்ளைகள் குறைவு. ஒரு வீட்டுக் கதவு அடைபட்டு அடுத்த வீட்டுக் கதவு திறப்பதற்குள் காணாமல் போனவர்கள்தான் அதிகம். பக்கத்தில் அடுத்த பள்ளி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஏலக்காட்டில் நாலாம் வகுப்பு முடிந்தால் அஞ்சாம் வகுப்புக்கு மலை இறங்க வேண்டும்.

என் அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை பார்த்தவர். நான் டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சி படித்தேன், தமிழ் வழிப் பள்ளிகளுக்கான பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, மூன்று நாலு பள்ளிகள் மாறினேன். அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. கடைசியில் உடும்பஞ்சோலைக்கு உள்ளே ஒரு மேட்டில் இருந்த தமிழ் எல்.பி. பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனேன். அன்று முதல் எனக்குப் 'பெரிய டீச்சர்' என்று பெயர். உயரம் ஐந்தடிகூட இல்லை.

தலைமை ஆசிரியைக்கு வருடத்தில் பயப்பட ஒரே ஒரு நாள்தான் உண்டு. அது ஆறாம் பிரவர்த்தி திவசம், அதாவது ஜூனில் பள்ளி திறந்த பிறகு வரும் ஆறாவது வேலை நாள். அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் அந்த வருடத்துக்கு ஆசிரியர்கள். பிள்ளை குறைந்தால் ஒரு போஸ்ட் போய்விடும், கடைசியாக வந்த டீச்சர் மூட்டை கட்ட வேண்டும். அதனால் மே மாதம் முழுக்க நாங்கள் எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்குவோம். அழுகிற குழந்தையிடம் 'பிள்ளை பிடிக்கிறவன் வரான்' என்று பயமுறுத்துவார்களே, எங்கள் பக்கத்தில் அது நாங்கள்தான்.

நான் சொல்லப்போகிற வருடம் எவ்வளவு அலைந்தும் ஒரு பிள்ளை குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை. மலைக்குக் கீழே கடைவீதி இருக்கிற ஜங்ஷனிலிருந்து ஓர் இங்கிலீஷ் மீடியம் வேன் புதிதாக மேலே ஏறி வந்து எங்கள் பிள்ளைகள் சிலரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. போகப்போவது ஸ்டெல்லாவின் போஸ்ட். ஸ்டெல்லா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்த பெண், அங்கே கணக்கெழுதும் ஆளுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பல வருடம் தூரத்தில் வேலை பார்த்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி மாற்றல் வாங்கி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய மூன்று வயது மகள் ஷைனி எங்கள் பள்ளியை ஒட்டிய அங்கன்வாடியில் இருந்தாள். இடைவேளை மணி அடித்தால் ஸ்டெல்லா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள்.

அதே ஜூனில் பள்ளி திறந்த முதல் நாளே மகேஸ்வரி வந்து நாலாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவள் மார்ச்சிலேயே நாலாம் வகுப்பை முடித்தவள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, வாயும் நீளம். "என்னடி, வழி தவறி வந்துட்டியா?" என்றேன். "அப்பா இங்கயே இருக்கச் சொன்னாரு டீச்சர்" என்றாள்.

மறுநாள் அவள் அப்பா முருகேசன் வந்தார். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற வேலை அவருக்கு. பெண்டாட்டி பாண்டியம்மா காய் எடுக்கப் போவாள்.

"பெரிய டீச்சர், இவள இன்னொரு வருசம் நாலாப்புலயே போட்ருங்க."

"பாஸான பிள்ளைய எதுக்கு முருகேசா மறுபடியும் போடணும்?"

"படிச்சதையே படிச்சா நல்லாப் பதியும்ல?"

"நீ அடிச்ச செடிக்கே மறுபடியும் மருந்தடிப்பியா?"

அவர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அஞ்சாம் வகுப்பு தமிழில் இருப்பது ஜங்ஷன் யு.பி. பள்ளியில். நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்து போனால் இரண்டு எஸ்டேட்டையும் ஒரு ஓடையையும் தாண்ட வேண்டும். வீட்டில் விட்டால் லயத்தில் பகல் முழுக்க ஆளிருக்காது. கூடவே காட்டுக்குக் கூட்டிப்போனால் இன்றைக்குக் காய் பொறுக்குவாள், அடுத்த வருடம் ஆளோடு ஆளாக எடுப்பாள். "அதுல இருந்து தப்பிக்கத்தான் கேக்கேன் டீச்சர். இங்க இருந்தா எங்கண்ணு முன்னாடி இருப்பா" என்றார். மகளைப் பள்ளியில் வைத்திருக்கத்தான் அந்த மனுஷன் பாஸான மகளை ஃபெயிலாக்கச் சொன்னார். எங்கள் மலையில் இப்படிக் கேட்ட அப்பன்மாரில் இவர் முதல் ஆளில்லை.

அவர் போனதும் ஸ்டெல்லா என் அறைக்கு வந்தாள். சொல்லாமலே எனக்குத் தெரியும்.

"டீச்சர், ஒரு பிள்ளைதான குறையுது."

"ம்."

"அவங்கப்பாவே வந்து கேக்காரு. நாம என்ன கள்ளத்தனமா பண்ணப் போறோம்? பிள்ளையும் இங்கதான் உக்காந்திருக்கு. மறுபடி நாலாப்புல சேத்தா அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளை நிஜம், பெஞ்ச் நிஜம், அப்பா கேட்டது நிஜம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா மாதிரி ஒன்றாம் வகுப்பு எடுக்க எங்கள் உபஜில்லாவில் ஆளில்லை, அவள் போனால் மூன்றையும் நாலையும் ஒரே அறையில் வைத்து நான்தான் மாரடிக்க வேண்டும். ஆனால் ஒரு வருடம் தங்கின பெண்பிள்ளைகள் பிறகு அஞ்சாம் வகுப்புக்குப் போனதை நான் பார்த்ததே இல்லை. பத்து வயதில் போகாத வழி பதினோரு வயதில் இன்னும் நீளமாகிவிடும். வயதுக்கு வந்துவிட்டாள் என்பார்கள், அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. அதோடு, பாஸான பிள்ளையை நிறுத்தி வைக்கச் சட்டத்திலும் வழியில்லை.

"முடியாது ஸ்டெல்லா" என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு ரொம்பவே வலித்தது.

எங்கள் ஏ.இ.ஓ. வாசுதேவன் சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோட்டயத்துக்காரர், தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதி மலையாளம். ஆபீஸ் வண்டிக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். பஸ்ஸில் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு மேடேறி வருவார். வந்ததும் தலைமை ஆசிரியை அறைக்கு வர மாட்டார், நேரே சமையல்கட்டுக்குப் போய்ச் சாம்பார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு வகுப்பு வகுப்பாக வராந்தாவில் நின்று, பிள்ளைகள் வெளியே கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை எண்ணுவார். அதன் பிறகுதான் உள்ளே போய்த் தலையெண்ணுவார், கடைசியில்தான் வருகை குறிக்கிற ஹாஜர் புத்தகம். எண்ணிக்கை நாளில் அங்கன்வாடிக் குழந்தையைத் தூக்கி ஒன்றாம் வகுப்பில் உட்கார்த்துகிற பள்ளிகள் உண்டு. அப்படித் தூக்கி வருகிற குழந்தைக்குச் செருப்பு இருக்காது. அவரிடம் அந்த வேலை நடக்காது. கோபப்படவும் மாட்டார். "டீச்சரே, இந்தக் குட்டி பறந்து வந்ததா?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பேசாமல் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்த வருடம் எண்ணிக்கை நாளில் நல்ல மழை. நாலாம் வகுப்பு வாசலில் குனிந்து செருப்புகளை எண்ணினார். ஹாஜர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

"டீச்சரே, எல்லா ஸ்கூல்லயும் செருப்பு குறையும். இவிடெ ஒரு ஜோடி கூடுதல்."

"ஒரு பிள்ளை கூடுதலா இருக்கு சார். ரோல்ல கிடையாது."

உள்ளே போனார். மகேஸ்வரி எழுந்து நிற்கவில்லை, கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் எழுந்து நிற்பது அவருக்குப் பிடிக்காது, ஆனால் இவள் குனிந்திருந்தது அதனால் இல்லை.

"மோள் எந்த கிளாஸ்?"

"நாலு முடிச்சிட்டேன் சார்."

"பின்னே அஞ்சுக்குப் போகலியா?"

"எங்க ஸ்கூல்ல அஞ்சு இல்ல சார்" என்றாள், பள்ளிக்கூடம் என்றால் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்கிற மாதிரி.

அவர் வெளியே வந்தார். ஒரு பிள்ளை குறைவு என்பது அவருக்குத் தெரியும், முந்தின வாரமே நான் சொல்லியிருந்தேன். "இவளை நாலில் சேர்த்திருந்தால் உங்களுக்கு போஸ்ட் நிற்குமே?" என்று மலையாளத்தில் கேட்டார். "நிற்கும் சார்" என்றேன். பக்கத்து வகுப்பு வாசலில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள், காதில் விழுந்திருக்கும். அவர் குடையை விரித்துத் தண்ணீரை உதறினார். "இவளுக்கு இப்போதே டி.சி. போடுங்கள். யு.பி. பள்ளியில் இன்றைக்கே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். நாளை முதல் இந்தக் குட்டி இந்த கிளாஸில் இருக்கக் கூடாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ எங்கே சார் இருப்பா? காட்டுலயா?" என்று கேட்டுவிட்டேன். மேலதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவளுடைய அச்சன் எப்போது வருவார்?" என்றார்.

சாயங்காலம் வரை இருந்தார். எண்ணிக்கை நாளில் இன்னும் எத்தனையோ பள்ளி பாக்கி இருந்திருக்கும், அதைப் பற்றி அவர் பேசவில்லை. நாலு மணிக்கு நாங்கள் இருவரும் காய் எடை போடுகிற களத்துக்குப் போனோம். தேவாரம், போடி பக்கத்திலிருந்து தினமும் வந்து போகும் பெண்கள் எடை போட்டுவிட்டு ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். முருகேசன் மருந்து வாடையோடு வந்து தள்ளியே நின்றார். ஏ.இ.ஓ. சார் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தூரம் மட்டும்தான் தடையா, வேற எதுவும் உண்டா?"

முருகேசன் பதில் சொல்வதற்குள், ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் செல்லத்துரை புகுந்தார். "சார், நான் காலையில ஆளுங்கள இறக்கிட்டு ஜங்ஷனுக்குச் சும்மாதான் போறேன். சாயங்காலம் சும்மாதான் ஏறி வாரேன். பிள்ள வந்தா ஏத்திக்கிட்டுப் போக எனக்கு என்ன நட்டம்? முருகேசண்ணங்கிட்ட எத்தன தடவ சொல்லியாச்சு."

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி நல்லவந்தான் சார். நான் குத்தம் சொல்லல. ஆனா பொம்பளப் பிள்ளைய ஒத்தையில காட்டு ரோட்டுல ஜீப்புல அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா மருந்தடிப்பேன்? ஒரு பொம்பள ஆளு கூடப் போகட்டும். போக வர ரெண்டு நேரமும். நாளைக்கே அனுப்புதேன்."

செல்லத்துரைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அங்கே நின்ற பெண்கள் யாரும் முருகேசனை மறுத்துப் பேசவில்லை. அவர்களுக்கும் மகள்கள் இருந்தார்கள்.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போது ஏ.இ.ஓ. சார் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். பிறகு, "போகிற போஸ்டில் இருக்கிற டீச்சருக்கு வீடு எங்கே?" என்றார். பக்கத்து எஸ்டேட் என்றேன். "குழந்தைகள்?" ஒரு பெண், மூன்று வயது, அங்கன்வாடியில் என்றேன். "ஓ" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஸ்டெல்லாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டி.சி. போட்டேன். இனிமேல் மகேஸ்வரி ஜங்ஷன் பள்ளியின் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை. ஆனால் தினமும் காலையில் எங்கள் பள்ளிக்குத்தான் வந்தாள். வகுப்பில் உட்காரக் கூடாது என்றுதானே சொன்னார், நான் என் அறையில் உட்கார வைத்தேன். அஞ்சாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஜங்ஷனிலிருந்து வரவழைத்து, நேரம் கிடைத்தபோது சொல்லிக் கொடுத்தேன். "இது எத்தன நாளைக்கு டீச்சர்?" என்று அவள் கேட்பாள். "பின்னத்தப் போடுடி முதல்ல" என்பேன்.

ஜூன் முடிவதற்குள் ஆணை வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு போஸ்ட் இல்லை. அதிகமாகிவிட்ட ஆசிரியையை ஜங்ஷன் பள்ளியில் காலியாக இருந்த தமிழ் இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இப்படி அதிகமாகிற டீச்சர்களை அதுவரை ஜில்லாவின் எந்த மூலைக்கோ தூக்கி அடிப்பதுதான் வழக்கம், பக்கத்தில் போட்டது பெரிய சலுகை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவுக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் செல்லத்துரையின் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. ஜீப் எட்டரைக்குக் கிளம்பிவிடும். அங்கன்வாடி திறப்பது ஒன்பதரைக்கு.

ஆணையைப் படித்துவிட்டு அவள் என் மேஜை முன்னால் நின்றாள். "என் போஸ்டும் போச்சு. இப்ப அந்தப் பிள்ளைக்கு நான் காவலும் போகணும், இல்லையா டீச்சர்?" என்றாள். கண் நிறைந்திருந்தது. உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆணையில் அந்தப் பிள்ளையின் பேரே இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். அவள் தன் மேஜையைக் காலி பண்ணப் போய்விட்டாள். முருகேசனிடம் அவள் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவளே அன்று சாயங்காலம் களத்துக்குப் போய், "நாளைக்கு எட்டரைக்குப் பிள்ளையக் கொண்டுவந்து நிறுத்துங்கண்ணே" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மகேஸ்வரியின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வரை அந்த ஜீப்தான். அடுத்த வருடமே எங்கள் பள்ளியிலிருந்து இன்னும் மூன்று பெண்பிள்ளைகள் அதில் ஏறினார்கள். எட்டுக்கு ஹாஸ்டல் கிடைத்தது. பிளஸ் ஒன்னில் தமிழ் போய் இங்கிலீஷ் வந்தபோது ஓணம் லீவுக்கு வந்து என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள், இங்கிலீஷில் ஒரு தடவை தோற்றாள், மறுபடி எழுதித் தேறினாள். இப்போது டிகிரி இரண்டாம் வருடம், பொருளாதாரம். ஒவ்வொரு கதவையும் தட்டித் தட்டித்தான் திறந்திருக்கிறாள். ஆனால் அந்த இளம் டீச்சர் போனில் கேட்டபோது என் நினைவுக்கு முதலில் வந்தது இதெல்லாம் இல்லை. ஸ்டெல்லா ஜீப் ஏறிய முதல் காலைதான்.

மகேஸ்வரி புதுச் சீருடையில் நின்றாள். முருகேசன் வேலைக்கு அரைமணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஸ்டெல்லா ஷைனியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தாள். என்னிடம் அவள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. நேரே என்னிடம் வந்து குழந்தையின் கையை என் கையில் வைத்தாள். "ஒன்பதரை வரைக்கும் நீங்கதான் பாக்கணும் டீச்சர்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பிறகு மகேஸ்வரியைப் பார்த்து, "ஏறுடி, உள்பக்கமா உக்காரு" என்றாள். ஷைனி வீறிட்டு அழுதாள். ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை, ஜீப் போய்விட்டது.

முருகேசன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிய டீச்சர், ஸ்டெல்லா டீச்சர் லீவு போட்டா அன்னைக்கு என்ன செய்ய?" என்று கேட்டார்.

எனக்கும் அந்த நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்துக்கலாம், போ" என்றேன்.

அந்த வருடம் மழை அதிகம். ஆவணியில் ஒரு காலை ஸ்டெல்லா ஷைனியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி வந்தாள். குழந்தையின் உடம்பு கொதித்தது. இன்றைக்குப் போகாதே, லீவு சொல்லிவிடு என்றேன். மகேஸ்வரி பையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அவளை ஒரு தரம் பார்த்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்தாள், மருந்துப் புட்டியை என் பையில் திணித்தாள், மகேஸ்வரியோடு ஜீப்பில் ஏறினாள்.

அன்றைக்கு லீவு போட்டது நான்தான்.